85க்கு முந்தின வண்டி

"1985க்கு முற்பட்ட, 125 சிசி வரையான மோட்டார் சைக்கிள்கள். ஓட்டுபவர் 45 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும்."

எங்கள் விளையாட்டுக்கழகம் நடத்திய பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிக்கு இந்த இரண்டு வரியையும் விதியாக எழுதியது நான்தான். அச்செடுத்துப் பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டியதும் நான்தான். ஆகவே கீழே வரும் குழப்பத்துக்கு முதல் காரணம் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

ஊர் கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ9 வீதியிலிருந்து கிறவல் பாதையில் உள்ளே இறங்க வேண்டும். நாள் 2024 மார்ச் 30, சனிக்கிழமை. பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோக உழவு தொடங்காத இடைவெளி அது. வரம்பை நாலு இடத்தில் வெட்டிச் சரித்து, காய்ந்த வயலுக்குள் ஏறக்குறைய 900 மீற்றரில் ஒரு சுற்றுப்பாதை போட்டோம். ஐந்து சுற்று, பதினொரு வண்டி. முதல் பரிசு 20,000 ரூபாயும் என் கடையிலிருந்து ஒரு சோடி ரயரும். உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன் என்பதால் வண்டிகளைப் பார்த்துச் சேர்க்கும் வேலையையும் விளையாட்டுக்கழகம் என் தலையில் கட்டியிருந்தது.

நீல நிற ஹொண்டா சிஜி 125 முதலாவதாக வந்தது. சிவப்பு ஹொண்டா சிடி 125 இரண்டாவது. இடையில் அரைச் சுற்றுக்குக் கிட்டத் தூரம். ஐந்து சுற்றில் அவ்வளவு இடைவெளி விழுவது சரியில்லையே என்று எனக்குப் பட்டது. பட்டதே தவிர, வாயைத் திறக்கவில்லை. மாலை போட்டாயிற்று, படமும் எடுத்தாயிற்று. அரை மணி நேரத்தில் அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் முறைப்பாடு வந்தது. எழுதியவர் சிவப்பு வண்டிக்காரர். மூன்று குற்றச்சாட்டு: நீல வண்டியின் எஞ்சின் சீனாவில் செய்த புது எஞ்சின், செசி (வண்டியின் சட்டகம்) அந்த வண்டிக்குரியது அல்ல, ஓட்டியவருக்கு 45 வயது ஆகவில்லை.

சிசி பற்றி அந்தத் தாளில் ஒரு சொல் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் கேட்ட கதை

வண்டியின் வருடத்தைத் தெரிந்துகொள்ள வேறெங்கும் செய்வது சுலபம். பதிவுப் புத்தகத்தைப் பார்ப்பார்கள். விண்ணப்பம் எடுத்த முதல் நாள் நானும் அதைத்தான் கேட்டேன். ஆறு பேர் தலையாட்டிவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. ஏழாவதாக வந்தவர் நின்று பதில் சொன்னார்.

"புத்தகமோ? அது முள்ளிவாய்க்காலில விட்டது தம்பி. வண்டியும் அங்கதான் விட்டது. வண்டி திரும்பி வந்தது, புத்தகம் வரேல்லை."

இதற்கு மேல் என்ன கேட்பது? 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்தக் கரையோரத்தில் குவிந்து கிடந்த சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பியவர்கள் ஒரு வண்டியின் செசி, இன்னொன்றின் எஞ்சின், மூன்றாவதன் சில்லு என்று பொருத்தித்தான் மறுபடி ஓடத் தொடங்கினார்கள். அதற்கு முந்திய இருபது வருடமும் அப்படித்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் உதிரிப்பாகம் என்பதே இன்னொரு வண்டியிலிருந்து கழற்றியதுதான். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் கோட் வந்தபோது, அதைப் பதிய வாகன இலக்கமும் செசி நம்பரும் வேண்டும் என்றார்கள். கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோலுக்கும் வழியில்லாமல் எத்தனை வண்டி கொட்டிலில் நின்றது என்று எனக்குத் தெரியும். அந்த மாதங்களில் என் கடையில் பிளக் கூட விற்கவில்லை.

விளையாட்டுப் போட்டிக்கு வந்தவனிடம் "புத்தகம் காட்டு" என்று கேட்கும்போது வாசலில் போர்க்கால ஓமந்தைச் சோதனைச்சாவடி முளைத்துவிடுகிறது. அன்று பின்னேரமே புத்தகம் கேட்பதை விட்டுவிட்டேன். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். பிழை வேறிடத்தில். புத்தகத்தை விட்டவன், அதற்குப் பதிலாக எதைப் பார்ப்பது என்று யோசிக்கவில்லை. சுவரில் ஒட்டிய "1985" அப்படியே இருந்தது, அதை அளக்கும் கோல்தான் இல்லாமல் போனது.

எஞ்சினின் வயது

முறைப்பாடு வந்ததும் நீல வண்டியை மண்டபத்துக்குள் ஏற்றி ரியூப் லைற்றின் கீழ் நிறுத்தினோம். எஞ்சினின் இடப்பக்கம், கீழே, நம்பர் அடித்த இடத்தில் கிறீஸும் மண்ணும் அப்பியிருந்தது. பெற்றோலில் நனைத்த துணியால் துடைத்தேன். ஹொண்டா எஞ்சினாக இருந்தால் சிஜி125இ என்று தொடங்க வேண்டும். இதில் 162எஃப்எம்ஜே என்று தொடங்கியது.

"பார்த்தியளோ, சைனா!" என்றார் சிவப்பு வண்டிக்காரர்.

"சைனா எண்டால் என்ன அண்ணை? சாமான் அதேதானே," என்றார் நீல வண்டிக்காரர்.

இருவர் சொன்னதும் உண்மை, அதுதான் சிக்கல். சிஜி 125ஐ ஹொண்டா 1976இல் கொண்டுவந்தது. எண்ணெய் மாற்றாமல், செயினைத் திரும்பிப் பார்க்காமல் வருடக்கணக்காக ஓட்டும் நாடுகளுக்கென்றே யோசித்துச் செய்த எஞ்சின் அது. ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மேல் மூடியில், கேம் இல்லை. கேம் கீழே இருக்க, தள்ளுகம்பி இரண்டு மேலே போய் வால்வைத் திறக்கும். அந்தக் கேமிலும் ஒரேயொரு மேடுதான், இரண்டு வால்வுக்கும் அதுவே. கெடுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லாததால் உலகம் அதை விடவில்லை. பாகிஸ்தானில் பழைய தள்ளுகம்பி எஞ்சினோடேயே அது பல பத்தாண்டு தொடர்ந்து வந்தது. சீனாவில் எத்தனை பட்டறை அதைப் பார்த்துச் செய்கிறது என்று எண்ணி முடியாது. அப்படியென்றால் 2015இல் வார்த்த, 1976ஆம் ஆண்டு அமைப்புக் கொண்ட எஞ்சினுக்கு வயது என்ன?

இந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டம் நடக்கும் நாடுகளெல்லாம் இதில் முட்டியிருக்கின்றன. இங்கிலாந்தில் 1946இல் வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் தொடங்கியபோது கோடு மிகத் தெளிவு: 1930 டிசெம்பர் 31க்கு முன் செய்ததா, இல்லையா. பிறகு அந்தக் கழகமே 25 வருடம் கடந்த வண்டி என்ற நகரும் கோட்டுக்கு வந்துவிட்டது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 30 வருடம் என்கிறது. இவையெல்லாம் நாட்காட்டி விதிகள். கையில் புத்தகம் உள்ளவர்களுக்குப் பொருந்தும்.

அமெரிக்காவில் பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டம் நடத்தும் ஆர்மா அமைப்பு கரடுமுரடுப் பாதை ஓட்டத்துக்கு வைத்த விதிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அங்கேயும் வருடம் உண்டு, பழைய வண்டி என்றால் 1974 வரை. ஆனால் அதன் கூடவே "அதே அமைப்புடையவை" என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறார்கள். பிந்திச் செய்திருந்தாலும் அமைப்பு மாறாவிட்டால் சேரலாம். அமைப்பு மாறியதை எப்படிப் பிடிப்பது? சில்லின் அதிர்வைத் தாங்கும் சொக்கப்சோரை அளக்கிறார்கள். முன் சில்லு ஏழு அங்குலத்துக்கு மேலோ பின் சில்லு நாலு அங்குலத்துக்கு மேலோ அசைந்தால் அது அந்த வகுப்பு வண்டி இல்லை. ஏன் அந்த அளவு என்பதற்கும் காரணம் உண்டு. 1973இல் ஹோகன் ஆண்டர்சன் யமஹாவின் ஒற்றைச் சொக்கப்சோர் வண்டியில் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் எல்லாக் கம்பனியும் பின் சில்லை நீளமாக அசைய விட்டன, பழைய வண்டிகள் ஒரே நாளில் கிழவனாகிவிட்டன. கோடு அந்த மாற்றத்தின்மேல் விழுந்திருக்கிறது. அதற்கு அடுத்த காலத்து வண்டிகளுக்கான ஈவோ வகுப்பும் அப்படித்தான்: காற்றால் ஆறும் எஞ்சின், றம் பிரேக், பின்னால் இணைப்புக் கை இல்லாத சொக்கப்சோர். குனிந்து பார்த்தால் தெரியும், தாள் வேண்டாம்.

பெரிய பணக்காரர் ஓடும் வட்டப் பாதைப் பந்தயங்களில் இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலப் பந்தய வண்டியான மான்க்ஸ் நோர்ட்டன் என்று ஓடுவதில் பல, அண்மையில் புதிதாகக் கடைந்து எடுத்தவை. பழைய அச்சில் இருந்தால் சரி என்று ஏற்றுக்கொள்கிறார்கள். அங்கே புது நோர்ட்டன் பழையதாகலாம் என்றால் இங்கே சீன சிஜி ஆகக் கூடாதா என்று நான் கேட்டபோது மண்டபத்தில் கொஞ்சம் சிரிப்பு. ஆனாலும் என் வாதம் பிழையென்று யாரும் சொல்லவில்லை.

இப்படியே ஒரு மணி நேரம் போனது.

ஆளின் வயது

செசி விடயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. கழுத்தில் ஒட்டு வேலை நடந்திருந்தது, நம்பரில் பாதி ஒட்டுக்குள் போயிருந்தது. "அப்ப உங்கட செசியைக் காட்டுங்கோ" என்று யாரோ கேட்க, முறைப்பாட்டுக்காரர் அந்தக் குற்றச்சாட்டைத் தானே வெட்டிவிட்டார்.

ஆளின் வயது அப்படி இலகுவில் முடியவில்லை. ஆர்மாவில் ஓட்டுபவர்களுக்கே வயது வகுப்புகள் உண்டு, 40க்கு மேல், 50க்கு மேல், 60, 70 என்று. எங்கள் 45 அதைப் பார்த்து வைத்ததல்ல. இளம் பிள்ளைகள் தகப்பனின் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து விழுந்து உடைப்பார்கள் என்ற பயத்தில் வைத்தது.

நீல வண்டிக்காரர் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பழைய அட்டை, ஒன்பது இலக்கமும் கடைசியில் ஆங்கில எழுத்தும். அதில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இவருடையது 79102 என்று தொடங்கியது. கழகத்தில் ஒருவர் விரல் விட்டு எண்ணினார். தை 31, மாசி 28, பங்குனி 31, ஆகத் தொண்ணூறு, மிச்சம் 12, ஏப்ரல் 12. இல்லை, அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றார் கிராம அலுவலர் ஒருவரின் மகன். அப்படியென்றால் ஏப்ரல் 11. அட்டையில் பொறித்த திகதியும் அதுதான். அதாவது ஓட்டம் நடந்த நாளில் 45 நிரம்ப இன்னும் பன்னிரண்டு நாள்.

"முடிஞ்சுது," என்றார் சிவப்பு வண்டிக்காரர்.

முடியவில்லை. நீல வண்டிக்காரரின் தாயார் அதுவரை மண்டப வாசல் கட்டில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. எழும்பி உள்ளே வந்தார்.

"தம்பி, இவன் பொறந்தது தைப்பொங்கலுக்கு மறுவாரம். அப்ப நாங்க கொட்டில்ல இருந்தோம். பதியப் போக பஸ்ஸுக்குக் காசு கெடையாது. சித்திரையிலதான் போனோம். எழுதுன ஐயா அன்னைக்கித் தேதியப் போட்டுட்டாரு. நான் பெத்தவ சொல்றேன், அட்ட சொல்றதா பெருசு?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேரின் பிறந்தநாளே அப்படி யாரோ எழுதிக் கொடுத்ததுதான். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் செய்வதுபோல, வயதை ஒரு குறித்த திகதியில் கணக்கிட்டிருந்தால் இந்தப் பன்னிரண்டு நாள் தொல்லையே வந்திருக்காது. வருடக் கடைசியை வைத்திருந்தால் அட்டைப்படியும் அவர் உள்ளே. நான் எழுதிய வரியில் "45 வயது நிரம்பியவர்" என்று இருந்தது. எந்தத் திகதியில் நிரம்ப வேண்டும் என்று இல்லை.

வேணியர்

லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் பேசாமல் நீல வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். தாயார் பேசி முடிந்து எல்லோரும் தேத்தண்ணிக்கு எழும்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ பிஸ்டன் விக்கிறனிதானே. இந்த நம்பரை வாசி."

"162எஃப்எம்ஜே."

"அந்த 62 என்ன?"

அப்போதுதான் விழுந்தது. முதல் ஒன்று, சிலிண்டர் ஒன்று. அடுத்த இரண்டு இலக்கம் சிலிண்டர் துளையின் விட்டம், மில்லிமீற்றரில். எஃப் என்றால் காற்றால் ஆறுவது, எம் மோட்டார் சைக்கிள், கடைசி எழுத்து சிசி அளவு. 125 சீன எஞ்சினில் 156எஃப்எம்ஐ என்று இருக்கும். கிழமைக்கு நாலு பிஸ்டன் இந்த நம்பரைக் கேட்டுத்தான் விற்கிறேன். இரண்டு மணி நேரம் அதற்கு முன்னால் நின்று 1976, 1985, நோர்ட்டன் என்று பேசியிருக்கிறேன்.

"நம்பர் மட்டும் காணாது, கழட்டிப் பாப்பம்," என்றார் அவர்.

தாங்கியைத் தூக்கி, மூடியைக் கழற்றி, ரொக்கரை எடுத்து, தள்ளுகம்பி இரண்டையும் இழுத்து, நாலு நட்டை விட்டால் ஹெட் கையோடு வரும். தள்ளுகம்பி எஞ்சினின் வசதி அது. அரை மணி நேரம் செல்லவில்லை. பிஸ்டனைக் கீழே இறக்கி, துளையின் மேல் விளிம்பில், வளையம் தேய்க்காத இடத்தில் வேணியர் அளவுகோலை விரித்து வைத்தார். எல்லோரும் குனிந்தோம். 62. ஹொண்டாவின் சிஜியில் அந்த இடம் 56.5. பிறகு பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை அளந்தார், 49.5. அது மட்டும் இரண்டிலும் ஒன்று. ரயர்ப் பெட்டியின் மட்டையில் கணக்குப் போட்டேன். ஹொண்டா அளவென்றால் 124 சிசி. இதில் 149.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். நீல வண்டிக்காரரின் முகத்தைப் பார்த்தேன். "சாமான் ஏத்துற மோட்டார் சைக்கிள்ல இருந்து கழட்டினது அண்ணை. 125 எண்டுதான் தந்தவங்கள்," என்றார். நான் நம்பினேன். நம்பாதவர்களும் இருந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் நீல வண்டிக்காரர் விடவில்லை. "சரி, என்ரை கழட்டியாச்சு. அண்ணையின்ரையையும் கழட்டுங்கோ."

நியாயம்தானே. சிடி 125இல் இரண்டு சிலிண்டர், கேம் மேலே, செயின் கழற்ற வேண்டும். ஒன்றரை மணி நேரம் எடுத்தது. ஹெட் வந்ததும் லேத் அண்ணை சிரித்தார். அடியில், கசிவை அடைக்கும் பாக்கிங் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்து வேலை. மண்ணெண்ணெய்க்கு அமுக்கம் கூடினால் எஞ்சின் தட்டும். அதனால் ஹெட்டைக் கொஞ்சம் உயர்த்தி அமுக்கத்தைக் குறைப்பார்கள். சில துளி பெற்றோலில் உதைத்து எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வெள்ளைப் புகையோடு போவது. சிவப்பு வண்டிக்காரர் அந்தப் பாக்கிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது அப்பா போட்டது," என்றார். வண்டி பெற்றோலுக்குத் திரும்பி இத்தனை வருடமாகியும் யாரும் அதை எடுக்கவில்லை. அவ்வளவு காலமும் தன் பலத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டே அது ஓடியிருக்கிறது.

சிலிண்டரை அளந்தோம். கம்பனி அளவு 44. இதில் இரண்டும் 45. தேயத் தேயத் துளைத்துப் பெரிய பிஸ்டன் போட்டுப் போட்டு, கடைசித் துளைப்பு வரை வந்துவிட்டது. பிஸ்டன் ஓடும் தூரம் 41. மறுபடி மட்டை. 130 சிசி.

"125 சிசி வரை" என்று எழுதியவன் நான். அந்த வரிப்படி முறைப்பாடு கொடுத்தவரும் வெளியே.

தீர்ப்பும் அதற்குப் பிறகும்

இரவு ஒன்பதரைக்கு முடிவு எடுத்தோம். நீல வண்டிக்கு இடமில்லை, காரணம் 149. அதன் எஞ்சின் எந்த வருடம், ஓட்டியவர் எந்த மாதம் என்பவற்றுக்குத் தீர்ப்பு எழுதவில்லை. எழுதத் துணிவும் இல்லை. சிவப்பு வண்டியின் 130ஐ ஏற்றோம். தேய்மானத்துக்குத் துளைப்பது வண்டியை உயிரோடு வைத்திருக்கும் வேலை, பெரிய எஞ்சின் மாற்றுவது வேறு வேலை என்று நான் வாதாடினேன். பழைய வண்டிப் போட்டிகளில் இப்படித் துளைப்புக்கு இடம் விடுவது வழமைதான். ஆனாலும் ஓட்டம் முடிந்த பிறகு விதியில் இடம் விட்டது சரியில்லை என்று மூன்றாவதாக வந்தவரின் ஆட்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. மூன்றாவதாக வந்தவர் ஓட்டியது ஹொண்டா எம்டி 90. அன்று 125க்குள் சந்தேகமில்லாமல் இருந்த வண்டி அது ஒன்றுதான் என்று யாரோ சொல்ல, அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த முறைக்கு எழுதியிருக்கும் விதியில் வருடம் இல்லை. றம் பிரேக் இரண்டு சில்லிலும், கம்பிச் சில்லு, பின்னால் இரட்டைச் சொக்கப்சோர், காற்றால் ஆறும் எஞ்சின், காபரேற்றர். எங்கே செய்தது, எப்போது செய்தது என்ற கேள்வி இல்லை. கம்பனித் துளையிலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரை பெருப்பிக்கலாம். முதல் மூன்று வண்டியும் பரிசுக்கு முன் ஹெட் கழற்ற வேண்டும், பாக்கிங் கழகச் செலவு. டிஸ்க் பிரேக் விடயத்தில் எனக்குத் தோல்வி. பாதுகாப்புக்காக முன்னால் டிஸ்க் விடலாம் என்று நான் கேட்டேன், மற்றவர்கள் மறுத்தார்கள். வயலுக்குள் யார் அவ்வளவு பிரேக் அடிக்கிறார்கள் என்றார்கள். ஓட்டுபவரின் வயது, ஓட்டம் நடக்கும் வருடத்தின் டிசெம்பர் 31இல் கணக்கிடப்படும். ஆதாரம் அடையாள அட்டை. அட்டையோடு உடன்படாதவர் இரண்டு பேரின் கையெழுத்தோடு வரலாம், அதில் ஒருவர் தன்னைவிட இருபது வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரி பொல்லாத வரி, இதிலும் ஒருநாள் யாரோ மாட்டுவார் என்று தெரிந்துதான் போட்டோம்.

வைகாசியில் நீல வண்டிக்காரர் கடைக்கு வந்தார். 156 எஞ்சின் ஒன்று பார்த்துத் தரச் சொன்னார். நம்பரைத் தானே வாசித்துப் பார்ப்பாராம். கூடவே சிவப்பு வண்டிக்கு ஒற்றைப் பாக்கிங் ஒரு செற்றும் வாங்கினார்.

"உங்களுக்கென்ன அண்ணை அதில?" என்று கேட்டேன்.

"அடுத்த முறை அவர் முழுப் பலத்தோட வரட்டும்," என்றார்.